அந்த வீட்டில் இப்போது குடியிருக்கும் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

உங்கள் மகள் படித்துக் காட்டுவாள் என்ற நம்பிக்கையில் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். தமிழில் வகுப்பிலேயே அவள்தான் முதல் என்று நீங்கள் பெருமையோடு சொன்னது நினைவிருக்கிறது. நடுவில் ஏதாவது சொல்லில் அவள் தடுக்கினால் அவளைத் திட்டாதீர்கள். என்னைத் திட்டுங்கள்.

எங்கள் குறும்படத்தின் கடைசியில் நன்றிப் பட்டியல் ஒன்று ஓடுகிறது. கேமரா கொடுத்த கல்லூரி, வண்டி கொடுத்த நண்பனின் மாமா, டீ வாங்கி வந்த ஜூனியர்கள் என எல்லாருடைய பெயரும் அதில் உண்டு. உங்கள் பெயர் மட்டும் இல்லை. அனுமதிக் கடிதம் கையில் இருந்தும், "பேர் வேண்டாம் தம்பி, குவார்ட்டர்ஸ் வீடு, யாராவது ஏதாவது கேட்பாங்க" என்று சொல்லிவிட்டீர்கள். அதனால் 'அந்த வீட்டில் இப்போது குடியிருப்பவர்களுக்கு' என்று ஒரே ஒரு வரி போட்டோம். அந்த வரி திரையில் நின்றது மூன்று வினாடி. நீங்கள் எங்களுக்காக வீட்டை ஒழித்துக் கொடுத்ததோ இரண்டு முழு நாள். கணக்கு எங்கேயோ உதைக்கிறது. அதைச் சரிசெய்யத்தான் இந்தத் திறந்த மடல். பெயரைச் சொல்லாமல், செய்ததை மட்டும் ஊரறியச் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் நாங்கள் ஐந்து பேர் வந்து நின்றதும் நீங்கள் கதவைப் பாதிதான் திறந்தீர்கள். யார்தான் முழுதாகத் திறப்பார்கள்? தோளில் பை, கையில் ஸ்டாண்டு, ஒருவன் காதில் ஹெட்போன். "நான் இந்த வீட்டில் பிறந்தவன் அக்கா, பதினைந்து வயது வரை இங்கேதான் இருந்தேன். இந்த வீட்டைக் காலி செய்ததைப் பற்றி ஒரு படம் எடுக்கிறோம்" என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னேன். பொன்மலைச் சந்தையில் காய் வாங்கிக் கற்றுக்கொண்ட தமிழில் நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "அப்பா ரிட்டயர் ஆயிட்டாரா?"

"ஆமாம் அக்கா, 2018 மே."

கதவு முழுதாகத் திறந்தது.

ஏன் திறந்தீர்கள் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. சாயங்காலம் டீ ஆற்றிக்கொண்டே சொன்னீர்கள். பீகாரில் கட்டிஹார் ஜங்ஷன் பக்கத்தில் உங்கள் அப்பாவுக்கும் இப்படி ஒரு குவார்ட்டர்ஸ் இருந்தது. அவர் பாயிண்ட்ஸ்மேன். உங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவர் ஓய்வு பெற, வீடு கைமாறிவிட்டது. ஒருமுறை ஊருக்குப் போனபோது கணவரைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறீர்கள். உள்ளே இருந்தவர்கள் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்றும் வேண்டாம் என்று திரும்பிவிட்டீர்கள். "என்ன வேணும்னு சொல்றது தம்பி? எனக்கே தெரியலை" என்றீர்கள்.

நானும் கையில் முப்பது பக்கத் திரைக்கதையை வைத்துக்கொண்டு, எனக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல்தான் வந்திருந்தேன்.

குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு ஒரு வினோதமான விதி உண்டு. வீட்டை விட்டுப் போகவேண்டிய தேதி, நாம் பிறக்கும்போதே எழுதியாகிவிட்டது. அப்பாவுக்கு அறுபது வயது முடிகிற மாதத்தின் கடைசி நாள் அது. அதன்பிறகு நான்கு மாதம் வழக்கமான வாடகையில் இருக்கலாம். தக்க காரணம் காட்டினால் இரட்டிப்பு வாடகையில் இன்னொரு நான்கு மாதம். அப்பா இரண்டாவது நான்கு மாதத்தைக் கேட்கவே இல்லை. 2018 செப்டம்பரில் கிளம்பிவிட்டோம். போனதும் எங்கோ தூரத்துக்கு இல்லை. திருவெறும்பூர் பக்கம், பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. பணி ஓய்வுப் பணத்தில் பாதியையும் வங்கிக் கடனையும் போட்டு அப்பா கட்டிய வீடு. அந்த வேலை நடந்தபோது தொலைக்காட்சியில் ஒருநாள் பாலு மகேந்திராவின் 'வீடு' ஓடியது. சிமெண்டுக்கும் கடனுக்கும் ஒரு நடுத்தரக் குடும்பம் அல்லாடுகிற கதை. அப்பா பாதியில் எழுந்துபோய்விட்டார். அவருக்கு அது படமாகத் தெரியவில்லை.

காலி செய்த நாளில் குட்டியானை மூன்று நடை அடித்தது. மூன்றாவது நடை போன பிறகு அப்பா வீடு முழுக்கக் கூட்டினார். எங்கள் வீட்டில் அவர் துடைப்பம் பிடித்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு சாவி வாங்க வந்தவரோடு அறை அறையாகப் போனார். ஃபேன் இத்தனை, சுவிட்ச் இத்தனை, ஹோல்டர் இத்தனை என்று எண்ணி, சரி பார்த்து, கையெழுத்துப் போட்டார். முப்பத்தோரு வருடம் இரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். எதையும் எண்ணிக் கொடுத்துத்தான் பழக்கம். எண்ண முடியாததை என்ன செய்வது என்று அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

எங்கள் குடும்பத்துக்கு வீட்டைப் பூட்டிச் சாவி கொடுப்பது இது முதல் தடவையும் இல்லை. தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை முன்பு நாகப்பட்டினத்தில் இருந்தது. 1928-ஐ ஒட்டி அது பொன்மலைக்கு மாறியபோது, கூடவே வந்தவர் எங்கள் கொள்ளுத்தாத்தா. அதே ஆண்டு ஜூலையில்தான் ஆட்குறைப்பை எதிர்த்து அந்த இரயில்வேயில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதற்காகத் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறைக்குப் போனார். தாத்தா இதையெல்லாம் சொல்லும்போது வேலைநிறுத்தத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டு, நாகையில் விட்டுவந்த வீட்டுக் கிணற்றைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். அந்தக் கிணற்றை அவரே பார்த்ததில்லை. அவருடைய அப்பா சொல்லக் கேட்டதுதான். இன்று ஊட்டி மலை ரயிலுக்குப் புதிதாக நீராவி இன்ஜின் செய்து கொடுக்கிற அளவுக்குப் பெயர் வாங்கிய பொன்மலை, அடிப்படையில் எங்கிருந்தோ வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவர்களின் ஊர். நாகைக்காரர்கள், ஆந்திரக்காரர்கள், கேரளத்துக்காரர்கள், ஆங்கிலோ இந்தியர்கள். இப்போது கட்டிஹாரிலிருந்து நீங்கள்.

ஆனால் இந்த ஞானமெல்லாம் பிறகு வந்தது. முதலில் எழுதிய திரைக்கதையில் நாங்கள் மட்டும்தான் இருந்தோம். ஒரு அம்மா, ஒரு அப்பா, ஒரு பையன். சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே போகும். கடைசியில் காலி அறை. கதவு சாத்தப்படும். இருட்டு. முடிந்தது. விஸ்காம் இறுதியாண்டுப் படத்துக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

ஆசிரியர் திரைக்கதையைப் படித்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் படங்களைப் பார், பாயில் உட்கார்ந்திருக்கிற மனிதரின் கண் உயரத்துக்குக் கேமராவை இறக்கி வைப்பார், நம் வீடுகளிலும் தரையில் உட்கார்ந்துதானே வாழ்ந்தோம் என்றார். இரண்டு, 'பதேர் பாஞ்சாலி'யின் முடிவை இன்னொரு முறை கவனமாகப் பார் என்றார். நான்தான் நான்கு முறை பார்த்துவிட்டேனே என்று இருந்துவிட்டேன். மாட்டு வண்டியில் குடும்பம் ஊரை விட்டுப் போகும் காட்சி எனக்கு மனப்பாடம்.

வேறு ஏதாவது காலி வீட்டை வாடகைக்கு எடுத்துப் படம் பிடிக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். செலவு குறையும், தொந்தரவு இருக்காது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வீட்டுப் பின்கட்டுத் தாழ்ப்பாளின் சத்தம் வேறு எந்த வீட்டிலும் கிடைக்காது என்று அடம் பிடித்தேன். அதன் விளைவுதான் உங்கள் வாசலில் ஐந்து பேர்.

வீட்டுக்குள் படம் எடுக்கவேண்டும் என்றால் சரி என்றீர்கள். வீடு காலியாக இருக்கவேண்டும் என்றதும் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தீர்கள். எனக்கு உள்ளே உதறல். பிறகு நீங்களே கட்டில் பக்கம் போய், "இதை முதல்ல எடுப்போம், இதுதான் வாசல்ல மாட்டும்" என்றீர்கள். வீடு மாற்றிப் பழகியவர்கள் பேச்சு அது.

கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், காஸ் அடுப்பு, கூலர், உங்கள் அம்மா கொடுத்த டிரங்குப் பெட்டி, சட் பூஜைக்கு நீங்கள் எடுத்து வைத்திருந்த மூங்கில் முறம். எல்லாம் பக்கத்து வீட்டு டீச்சரின் திண்ணைக்கும் உங்கள் பின்கட்டுக்கும் போயின. முறத்தை மட்டும் எங்கள் கையில் கொடுக்காமல் நீங்களே தூக்கிப் போனீர்கள். இரண்டு இரவு டீச்சர் வீட்டில் குடும்பத்தோடு படுத்தீர்கள். நாங்கள் வீட்டைக் காலி செய்த கதையைச் சொல்ல, நீங்கள் நிஜமாகவே வீட்டைக் காலி செய்தீர்கள். எந்தத் தயாரிப்பாளரும் இதற்கு ஈடாக ஒன்று செய்திருக்க முடியாது.

எங்கள் டிரைபாட் ஓசு கேட்ட உயரத்துக்கு இறங்கவில்லை. தரையில் புத்தகம் அடுக்கிப் பார்த்தோம், கேமரா ஆடியது. நீங்கள் ஐந்து கிலோ அரிசிப் பையைக் கொண்டுவந்து தரையில் போட்டு, நடுவில் ஒரு குத்து விட்டீர்கள். பள்ளம் விழுந்தது. கேமரா அதில் தொட்டில் பிள்ளைபோல் உட்கார்ந்தது. படத்தில் அம்மா தரையில் உட்கார்ந்து பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றுகிற காட்சியைப் பார்த்தவர்கள் எல்லாரும், என்ன லென்ஸ், என்ன ஸ்டாண்டு என்று கேட்கிறார்கள். பொன்னி அரிசி என்று சொல்கிறேன். நம்ப மறுக்கிறார்கள். மறுநாள் மதியம் அந்த அரிசியைத்தான் வடித்து எங்களுக்குப் பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டீர்கள் என்பதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

ஒலிப்பதிவு செய்பவர்கள் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் சும்மா நின்று, அந்த அறையின் மௌனத்தைப் பதிவு செய்துகொள்வார்கள். ரூம் டோன் என்பார்கள். மௌனம் என்று நாம் நினைப்பதில் ஏகப்பட்ட சத்தம் இருக்கிறது. ஃபேன், தூரத்து வண்டி, சுவரின் எதிரொலி. ஒவ்வொரு அறையின் மௌனமும் வேறு. படத்தொகுப்பில் வசனங்களுக்கு நடுவே அந்த மௌனத்தைத்தான் விரித்துப் போடவேண்டும். இல்லாவிட்டால் காதில் ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும்.

காலி அறையின் ரூம் டோனை எடுக்க இரண்டாம் நாள் மதியம் நின்றோம். முதல் முறை தஞ்சாவூர்ப் பக்கம் போகிற ரயில் ஒன்று கெடுத்தது. அடுத்த முறை பணிமனைச் சங்கு. மூன்றாவது முறை எல்லாம் அடங்கி, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நாற்பது வினாடி ஆகியிருக்கும். உங்கள் மகள் எங்கிருந்தோ ஓடிவந்து கூடத்தின் நடுவில் நின்று "ஏய்!" என்று கத்தினாள். சுவர் திருப்பிக் கத்தியது. அவளுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அடுத்த அறைக்கு ஓடினாள், கத்தினாள். சமையலறை, கத்தல். பின்கட்டு, கத்தல். ஒலிப்பதிவாளன் தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்கும் கோபம்தான், மறைக்கவில்லை. நீங்கள் வாசலில் நின்று சிரித்துக்கொண்டு சொன்னீர்கள்.

"நாங்க வந்த அன்னைக்கும் இவ இப்படித்தான் தம்பி. நாலு வயசு. சாமான் இறக்க விடலை. சாமான் வெச்சா சத்தம் போயிடும்னு அழுதா."

அந்த இடத்தில் எனக்கு என் படம் உடைந்தது அக்கா.

ஏனென்றால் அந்த எதிரொலி எனக்குத் தெரியும். 2018-இல், மூன்றாவது நடை வண்டி போன பிறகு, அப்பா கூட்டிக்கொண்டிருக்கும்போது நான் "அம்மா" என்று கூப்பிட்டேன். வீடு என் குரலை இரட்டித்துத் திருப்பிக் கொடுத்தது. பிறந்ததிலிருந்து அந்தக் கூடத்தில் எத்தனை ஆயிரம் தடவை அம்மா என்று கூப்பிட்டிருப்பேன். ஒருநாளும் அது அப்படிக் கேட்டதில்லை. வீடு எங்களை மறந்துவிட்டது என்று அன்று நினைத்தேன். இந்தப் படத்தை எடுக்கக் காரணமே அந்த ஒரு சத்தம்தான். அதே சத்தத்தை, சில மாதம் கழித்து, ஒரு நான்கு வயதுப் பிள்ளை விளையாட்டுச் சாமானாக வைத்துக்கொண்டு அழுதிருக்கிறது, போகவேண்டாம் என்று.

அன்று இரவு வீட்டுக்குப் போய் 'பதேர் பாஞ்சாலி'யின் முடிவை மறுபடி போட்டுப் பார்த்தேன். அதில் இயக்குநர் ராய் ஒரு காட்சி வைத்திருக்கிறார். அவர்கள் விட்டுப்போன வீட்டுக்குள் ஒரு பாம்பு ஊர்ந்து நுழைகிறது. போகிறவர்களின் முகத்திலேயே கண் வைத்திருந்ததால் நான்கு முறையும் அது எனக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. வீடு காலியாகவே இருப்பதில்லை. யாரோ வருகிறார்கள். 1955-இலேயே ஒருவர் எடுத்து வைத்திருப்பதை, ஆசிரியர் வாயால் சொல்லியும் புரியாததை, உங்கள் பெண் நாலு கத்தலில் புரியவைத்துவிட்டாள்.

என் அம்மாவைப் பற்றியும் சொல்லவேண்டும். படப்பிடிப்புக்கு வரமாட்டேன் என்று அடம் பிடித்தவர், இரண்டாம் நாள் சாயங்காலம் சாப்பாடு கொண்டுவருகிற சாக்கில் வந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டார். தன் வீட்டு வாசலில் நின்று அவர் அனுமதி கேட்டதைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. நீங்கள் அவர் கையைப் பிடித்து நேரே பின்கட்டுக்கு அழைத்துப் போனீர்கள். உங்களுக்கு அவ்வளவாகத் தமிழ் வராது, அவருக்கு இந்தி சுத்தமாக வராது. இரண்டு பேரும் தாழ்ப்பாள் முன்னால் நின்றீர்கள். அம்மா கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, இடது தோளால் ஒரு இடி இடித்து, தாழ்ப்பாளைத் தள்ளிக் காட்டினார். நீங்கள் அதைத் திறந்துவிட்டு, அதேபோல் தூக்கி, அதே தோளால் இடித்து, தள்ளிக் காட்டினீர்கள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். முப்பது வருடம் அந்தக் கதவோடு மல்லுக்கட்டியவரும், ஐந்து வருடமாக மல்லுக்கட்டுகிறவரும் பேசிக்கொள்ள அதற்கு மேல் மொழி எதற்கு?

கேமராவில் பேட்டரி போய்விட்டிருந்தது. அந்தக் காட்சி என்னிடம் இல்லை. ஒலிப்பதிவுக் கருவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

போகும்போது அம்மாவிடம் ஒரு பை முருங்கைக்கீரை கொடுத்துவிட்டீர்கள். அவர் வைத்த மரம். வண்டியில் வரும்போது அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அடுப்பை ஜன்னல் பக்கம் மாத்தி வெச்சிருக்கா. எனக்கு ஏன் இத்தனை வருஷம் அது தோணல?" என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து பொன்மலை வீட்டைப் பற்றிப் பேசும்போது 'நம்ம வீடு' என்பதை விட்டுவிட்டு, 'அந்தப் பொண்ணு இருக்குற வீடு' என்கிறார். நாங்கள் உண்மையிலேயே அந்த வீட்டைக் காலி செய்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

படத்தொகுப்பில் பெரிய சண்டை. கதவு சாத்தியதும் முடிப்பதுதான் கச்சிதம் என்றான் எடிட்டர். அவன் சொன்னதில் தப்பில்லை. நான்தான் கேட்கவில்லை. இப்போது படம் இப்படி முடிகிறது: கதவு சாத்தப்படுகிறது. திரை இருட்டு. சங்கு ஊதுகிறது. இருட்டிலேயே கொஞ்ச நேரம் நிற்கிறோம். பிறகு, கெட்டுப்போனது என்று நாங்கள் ஒதுக்கிவைத்த அந்த மூன்றாவது ரூம் டோன். ஒரு குழந்தையின் "ஏய்!" சுவர் பதில் சொல்கிறது. ஓடுகிற கால் சத்தம். இன்னொரு "ஏய்!" படம் முடிந்தது.

கல்லூரித் திரையிடலில் ஒருவர், கடைசியில் வரும் குழந்தை அந்தப் பையனின் சின்ன வயது நினைவா என்று கேட்டார். இல்லை, அடுத்து குடிவந்தவர்களின் பிள்ளை என்றேன். "அப்படியென்றால் சோகம் குறைந்துவிடுகிறதே" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டேன்.

ஒரு மன்னிப்பும் பாக்கி இருக்கிறது. கூடத்துச் சுவரில் ஒயரை ஒட்டியிருந்த டேப்பை நாங்கள் உரித்தபோது, உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பும் கூட வந்துவிட்டது. மறு வாரம் வந்து பூசிக் கொடுத்தோம். நிறம் பொருந்தவில்லை. இருக்கட்டும் என்றீர்கள். நாளைக்கு யாராவது சுவிட்ச், ஃபேன் எல்லாம் எண்ணிக்கொண்டு வரும்போது அதைக் கேட்டால், முன்னால் இருந்த வீட்டுப் பையன் செய்த வேலை என்று தயங்காமல் காட்டிக் கொடுங்கள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். படம் அதில் இருக்கிறது. படத்தைத் தவிர இன்னொரு ஒலிக்கோப்பும் இருக்கிறது. படப்பிடிப்பு முடிந்து, சாமான்களைத் திரும்ப அடுக்கிக் கொடுத்த பிறகு, உங்களுக்குத் தெரியாமல் ஒன்றரை நிமிடம் பதிவு செய்தது. கூலர் ஓடுகிறது. குக்கர் இரண்டு விசில் விடுகிறது. உங்கள் மகள் வாய்ப்பாடு சொல்கிறாள், ஏழாம் வாய்ப்பாட்டில் தப்பு விடுகிறாள். உங்கள் கணவர் போனில் யாரிடமோ ஊர்க் கதை பேசுகிறார். எதிரொலி துளிக்கூட இல்லை. ஒரு வீடு நிறைந்திருக்கும்போது அதன் மௌனம் இப்படித்தான் இருக்கும்.

கட்டிஹார் வாசலில் நின்றபோது என்ன வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை என்றீர்களே அக்கா. எனக்கும் அன்று தெரியவில்லை. இப்போது தெரிகிறது, இதுதான். என் வீடு நிறைந்திருந்தபோது இந்த ஒன்றரை நிமிடத்தை யாரும் எனக்காகப் பதிவு செய்து வைக்கவில்லை. உங்கள் கணவரின் ஓய்வுத் தேதிக்கு இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறது. ஆனால் குவார்ட்டர்ஸ் வீடு, தேதி எழுதியாகிவிட்டது. அதுவரை இது உங்கள் டிரங்குப் பெட்டியில் கிடக்கட்டும்.

எழுபதாவது வினாடியில் பின்கட்டுத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்கும். தூக்கி, இடித்து, தள்ளியது நீங்கள்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், எனக்கு அது என் அம்மா.


உங்களுக்கு முன்னால் அங்கே குடியிருந்த வீட்டுப் பையன்